சிவப்பு டப்பாவா, நீல டப்பாவா?

பொன்னேரி தாண்டி இருக்கும் துப்பாக்கி சுடும் கிளப்பில், சுட்டு ஓட்டையான குறி அட்டையைக் கழற்றிப் புது அட்டை மாட்டுவதுதான் என் உத்தியோகம். மூளை தேவைப்படாத வேலை என்பதால் எனக்கே கொடுத்தார்கள்.

அங்கே வரும் வழுக்கைத் தலைக்காரர் ஒருவர், தன் தோட்டாவுக்குத் தானே வெடிமருந்து அடைத்துக்கொண்டு வருவார். ஒவ்வொரு முறை சுடும் முன்னும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைப்பார்.

மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கும் நாளுக்கு முந்தின சாயங்காலம், இரண்டு தோட்டா டப்பாவை என் முன்னால் நீட்டினார்.

"சிவப்புல மருந்து ஜாஸ்தி. வேகமாப் போவுது, ஆனா சிதறுது. நீலத்துல கம்மி. ஒரே எடத்துல வுழுது. நாளைக்கு எத எடுத்துக்கினு போவட்டும் நைனா?"

"நீலம்தான் சார். என் வண்டியே வேகமாப் போனா ஆடுது."

"மெதுவாப் போனா கடல்காத்து தள்ளிடுமே?"

"அப்ப சிவப்பு."

"அதான் சிதறுதேப்பா!"

"பேஜாரா கீது சார். சுடாமலே இருந்துடுங்க."

ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

அடுத்த வாரம் லட்டோடு வந்தார். "செலக்ட் ஆயிட்டேன். நீ சொன்னதத்தான் செஞ்சேன்."

நான் சொன்னது மூன்று. எது என்று கேட்டால் மரியாதை போய்விடும் என்று, லட்டை வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டினேன். இப்போது மற்றவர்களும் டப்பாவோடு என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள்.