தோல் வைத்த டார்ச்

செருப்பு ஒட்டுகிற ‘சொல்யூஷன்’ வாசனை எங்கே வந்தாலும், சுண்ணாம்பு அடித்த சுவரில் விழுந்த ஒரு சின்ன வெளிச்ச வட்டம் என் கண்ணுக்குள் வந்து நின்றுகொள்ளும். அந்தச் சுவர் ஆம்பூரில் எங்கள் வீட்டுச் சுவர். நான் பத்தாம் வகுப்பு படித்த வருடம் அது. சாயங்காலம் ஆறு மணிக்குக் ‘கரண்ட்’ போனால் எட்டு மணிக்குத்தான் வரும். என் கணக்கு டியூஷனும் சரியாக அதே நேரத்தில்தான்.

டியூஷனுக்குப் போக, தோல் பதனிடும் கம்பெனி ஒன்றின் நீண்ட மதிலை ஒட்டி நடக்க வேண்டும். அந்தக் கம்பெனியில்தான் அப்பாவுக்கு வேலை. “லைட் இல்லாத ரோட்ல பொட்டப்புள்ளைக்கு இன்னா வேலை? டியூஷன நிறுத்திக்கோ” என்று ஒருநாள் முடித்துவிட்டார். அதே ரோட்டில் அதே இருட்டில் என் அண்ணன் கேரம் ஆடப் போய்வந்துகொண்டிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணக்கில் தவறினால் மறுவாரமே அம்மாவோடு ஷூ கம்பெனி பஸ்ஸில் வேலைக்கு ஏறிவிட வேண்டும் என்பது எங்கள் தெருவில் யாரும் எழுதி வைக்காத ஏற்பாடு. எனக்கோ டியூஷன் இல்லாமல் கணக்கு வராது. “லைட்டுதானே இல்ல? நான் எடுத்துக்கினு போறேன்” என்றேன்.

பெட்டிக்கடையில் தொங்கிய மூன்று மலிவு டார்ச்சுகளை வாங்கினேன். ஒன்று சாவிக்கொத்தில் மாட்டுவது, வெளிச்சம் ஊசிபோல் இருக்கும், இரண்டே நாளில் மங்கிவிடும். ஒன்று பென்சில் பேட்டரி இரண்டு போட்ட மஞ்சள் பிளாஸ்டிக் டார்ச், நாள் கணக்கில் எரியும், ஆனால் பழுத்துப்போன வெளிச்சம். மூன்றாவது சிகரெட் லைட்டரின் அடியில் இருந்தது, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் ‘செக்கிங்’ வேலை, இடது கால் தோலும் வலது கால் தோலும் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. “தனியா பாத்தா எல்லாமே நல்லாத்தான் இருக்கும். பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாரு” என்றாள். மூன்றின் வெளிச்சத்தையும் சுவரில் அடித்து, தோலில் குறிபோட அவள் வைத்திருந்த வெள்ளிப் பேனாவால் ஒவ்வொரு வட்டத்தையும் சுற்றி வரைந்தேன். சாவிக்கொத்தின் எல்.இ.டி.யைப் பிடுங்கி மஞ்சள் டார்ச்சின் பல்பு இருந்த குழியில் சொல்யூஷன் போட்டு ஒட்டினேன். எரியவில்லை. எல்.இ.டி.யின் கம்பிக் கால்கள் இரண்டையும் இடம் மாற்றி வைத்தேன், எரிந்தது. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு கர்வம்.

ஒரே குறை, பேட்டரி உள்ளே ‘லொடலொட’ என்று ஆடியது. எங்கள் ஊரில் கதவு ஆடினாலும் தோல் துண்டு, கட்டில் கால் தரையைக் கீறினாலும் தோல் துண்டு. நானும் அப்பா கொண்டுவந்து போட்டிருந்த துண்டில் ஒரு கீற்று வெட்டி, உள்ளே இருந்த பித்தளைத் தகட்டுக்குப் பின்னால் திணித்தேன். இரண்டு வாரம் அந்த டார்ச்சோடு டியூஷனுக்குப் போய்வந்தேன். மழைக்காலம் பிடித்துக்கொண்டது. ஒருநாள் மதில் பாதியில் டார்ச் அணைந்துபோனது. சுவரைத் தடவித் தடவி, சாக்கடையில் ஒரு காலை விட்டு, சேறும் சகதியுமாக வீடு வந்து சேர்ந்தேன்.

“பாத்தியா? இதோட விட்டுடு” என்றார் அப்பா. அழுகையை அடக்கிக்கொண்டு அவர் முன்னாலேயே உட்கார்ந்து டார்ச்சைக் கழற்றினேன். பித்தளைத் தகடு பச்சை பூத்துக் கிடந்தது. அப்பா அதை வாங்கி மெழுகுவர்த்தியிடம் கொண்டுபோய்ப் பார்த்தார். இருபது வருடம் தோலோடு கிடந்த மனிதர், சும்மா இருக்க முடியுமா? “தோலையா வெச்ச? உப்புலயும் ஆசிட்லயும் ஊறுன தோலு இது. ஈரம் பட்டா பித்தளைய வுடுமா?”

“அப்போ லைட்டு மேல தப்பில்ல, என் மேலயும் தப்பில்ல. தோலுதான். நாளைக்குப் போறேன்” என்றேன்.

அப்பா டார்ச்சை என் கையிலேயே திருப்பித் தந்தார். அம்மா சிரிப்பை மறைக்கத் திரும்பி உட்கார்ந்தாள். அன்றைக்கே தகட்டை உப்புத்தாளால் தேய்த்து, தேய்ந்த ரப்பர் செருப்பில் ஒரு துண்டு அறுத்து வைத்தேன். பரீட்சை முடியும் வரை அது அணையவில்லை. கணக்கில் தேறினேன்.

அந்த டார்ச் இப்போது இல்லை. பெட்டிக்கடையும் இல்லை, ஆறு மணிக் ‘கரண்ட் கட்’டும் இல்லை. மதில் நெடுகப் பெரிய விளக்குகள் வந்துவிட்டன. போன மாதம் என் மகள், பூப்பந்துப் பயிற்சி முடிய ஏழு மணி ஆகும் என்றாள். “இருட்டிடுமே” என்றார் அப்பா. நான் ஜன்னலைத் திறந்து தெருவைக் காட்டினேன். கீழே விழுந்த குண்டூசியைக்கூடத் தேடி எடுக்கலாம், அவ்வளவு வெளிச்சம். நன்றாகப் பார்த்துவிட்டு, “இருந்தாலும்...” என்று இழுத்தார்.

மகளின் மட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்து, “கிளம்பு” என்றேன்.