சிகாகோவுக்கு எத்தனை சிங்கிள்?

திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் இருபத்தெட்டு வருடமாக டைம்கீப்பராக இருக்கும் பேயாண்டிக்கு உலகத்தில் எந்த ஊரும் தூரமில்லை. ஒரு பஸ் எத்தனை சிங்கிள், அதாவது ஒரு வழி நடை, அடித்தால் அந்த ஊர் வரும் என்பதுதான் கணக்கு. மகன் அழகுபாண்டி வேலைக்குப் போன சிகாகோ சுமார் பதிமூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் என்றார்கள். மதுரைக்கும் திருமங்கலத்துக்கும் இருபது கிலோமீட்டர், அறுநூற்று எழுபத்தைந்து சிங்கிள் அடித்தால் ஆச்சு என்று டீக்கடையில் விஷயத்தை முடித்துவிட்டார்.

பறக்கிற நேரமும் அவருக்கு அத்துப்படி. மகன் சென்னையில் ஏறியது அதிகாலை இரண்டு மணிக்கு. சிகாகோவில் இறங்கிப் போன் போட்டு, இங்கே மதியம் ஒரு மணி என்றான். ஆக, பதினோரு மணி நேரம்.

தை மாதம் மகள் ரோகிணியின் பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு சிகாகோவில் ஏறுகிறேன் என்று அழகுபாண்டி சொன்னான். எப்போது வந்து சேர்வான் என்று அவனையே கேளுங்கள் என்றாள் மனைவி பாண்டியம்மாள். டைம்கீப்பர் போய் இன்னொருவனிடம் நேரம் கேட்பதா? நாலோடு பதினொன்றைக் கூட்டினார். சனிக்கிழமை விடியுமுன் சென்னை, மத்தியானச் சோற்றுக்கு வீடு. ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள் முகூர்த்தம் என்று பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்தாயிற்று.

பத்திரிகையை வாட்ஸ்அப்பில் பார்த்த மகன் பதறிவிட்டான். அவன் சென்னையில் இறங்குவதே ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்குத்தானாம். பயணம் இருபத்திரண்டரை மணி நேரமாம்.

"ஏண்டா, போறப்ப பதினொண்ணு, வாரப்ப இருபத்திரண்டரையா? எந்தப் பக்கம் சுத்தி வாரான் பிளேன் ஓட்டுறவன்?"

போனபோதும் அதே இருபத்திரண்டரைதான், இங்கே கடிகாரம் நம்மூருக்குப் பதினொன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது என்று மகன் விளக்கினான். டிக்கெட்டை மாற்ற வழியில்லை, முன்னதாக லீவும் கிடையாது. பாண்டியம்மாள் பத்திரிகை ஒன்றை எடுத்துச் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே ஒட்டிவைத்தாள். அதுதான் பேயாண்டியை அறுத்தது.

ஞாயிறு காலை பத்து மணி. குலசாமி கோயிலில் சனம் நிறைந்து கிடக்க, சென்னையிலிருந்து வரும் கார் அப்போதுதான் மேலூரைத் தாண்டியிருந்தது. பரவையில் இன்னொரு காதுகுத்து இருக்கிறது என்று ஆசாரி பையைத் தூக்கினார். பாண்டியம்மாளின் தம்பி சிவனாண்டி, நான் மடி கொடுக்கிறேன் என்று முன்னால் வந்தார். ரோகிணி பிள்ளையை விடவில்லை. அண்ணன் மடியில் இல்லாவிட்டால் காதே குத்த வேண்டாம் என்றாள்.

பேயாண்டி தொண்டையைச் செருமினார். "ஆசாரி, உக்காருப்பா. தாய்மாமன் ஊர்ல இப்ப சனிக்கெழம ராத்திரி பத்தரை. அவன் கணக்குல முகூர்த்தத்துக்கு இன்னும் பத்தரை மணி நேரம் கெடக்கு."

"அம்புட்டு நேரம் கறி தாங்காது மச்சான்," என்றார் சிவனாண்டி.

சிரித்த சிரிப்பில் ஆசாரி பையைக் கீழே வைத்துவிட்டார்.

பதினோரு மணிக்குக் கார் வந்தது. முகம் கழுவக்கூட விடாமல் அழகுபாண்டியை இழுத்துப் போய் உட்கார வைத்து, மடியில் பிள்ளையைப் போட்டார்கள். முதல் காதுக்குப் பிள்ளை வீறிட்ட வீறில் தெரு நாய் எழுந்து ஓடியது. இரண்டாவது காதுக்கு அவன் அழுகையைச் சட்டென்று நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தான்.

மாமன் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.