இனெஸ் ஏறக்கூடிய உயரம்

ஹார்லன் ட்ரூவும் அவர் மனைவி இனெஸும் எனக்குப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள். இடாஹோவின் மலைப்பக்கம் என்றால் பக்கம் என்பது இரண்டு மைல். இனெஸுக்கு இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போயிருந்தன. வாரம் மூன்று முறை நகரத்துக்குப் போய் ரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு வர வேண்டும். வழியில் ஓர் ஓடை. அதன் பாலத்தை வெள்ளம் கொண்டுபோன பிறகு, வண்டியோடு தண்ணீரில் இறங்கித்தான் எல்லோரும் அக்கரை சேர்ந்தோம்.

அந்த மார்ச்சில் பனி உருகி ஓடை பெருகியது. ஹார்லனின் பழைய பிக்கப் நடு ஓடையில் சரளைக்கல் மேட்டில் வயிறு தட்டி நின்றுவிட்டது. சக்கரங்கள் வெறுமனே சுழன்றன. நான் டிராக்டரோடு போய் இழுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது, அன்றைய சுத்திகரிப்பும் தவறிப்போனது. மறுநாள் இனெஸால் மூச்சு விட முடியவில்லை. ஹெலிகாப்டர் வந்து தூக்கிப்போனது. பிழைத்து வந்தாள், ஆனால் பாதியாகத்தான் வந்தாள்.

அதன் பிறகு ஹார்லன், மெக்கானிக் லவெலின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனார். இனெஸும் கூடவே வந்தாள். நானும் இருந்தேன்.

"ஆறு அங்குலம் தூக்கிடலாம்ணே," என்றான் லவெல். "முப்பத்தஞ்சு அங்குல டயரு. ஓடை என்ன, ஏரிக்குள்ளயே எறங்கலாம்."

"எஞ்சின் இழுக்குமா? வயசான வண்டி," என்றார் ஹார்லன்.

"அப்படியே இழுக்காது. ஆக்சில் பல்சக்கரத்த மாத்தணும். பிரேக்கும் பெருசா வேணும்."

"செஞ்சுடு."

நாற்காலியில் இருந்த இனெஸ் எழுந்தாள். "வெளிய ஒண்ணு நிக்குதே, அது அந்த உயரந்தானே?"

யாரோ ஒருவனுடைய வண்டி அது. அவள் வெளியே போய் அதன் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினாள். எட்டவில்லை. மறுபடி தூக்கினாள். பிறகு கதவில் நெற்றியை வைத்து அப்படியே நின்றாள். ஹார்லன் பின்னால் போய் அவள் அக்குளில் கை கொடுத்தார்.

"விடுய்யா. கன்னுக்குட்டிய ஏத்துற மாதிரி என்னை ஏத்தாத."

"படி ஒண்ணு தொங்க விட்டுடறேம்மா," என்றான் லவெல்.

"அது தண்ணிக்குள்ள கல்லுல மாட்டும். அப்புறம் படிய இழுக்க ஒரு டிராக்டர் வரணும்."

யாரும் சிரிக்கவில்லை. ஹார்லன் அந்த வண்டியின் கதவைச் சாத்தினார். பிறகு, "இவளால எவ்வளவு உயரம் ஏற முடியுதுன்னு முதல்ல அள. மத்ததெல்லாம் அதுக்குள்ள பார்ப்போம்," என்றார்.

பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அவளை ஏறச் சொன்னார்கள். முழங்கால் நடுங்க ஆரம்பித்த இடத்தில் லவெல் கோடு போட்டான். சஸ்பென்ஷனை உயர்த்தினால் வண்டியின் உடம்புதான் உயரும், சக்கரங்களுக்கு நடுவே கல்லில் தட்டும் ஆக்சிலைத் தரையிலிருந்து உயர்த்துவது டயர்தான் என்பதால், கிடைத்த கொஞ்ச உயரத்தில் பெரும்பங்கை டயருக்குக் கொடுத்தார்கள். முப்பத்து மூன்று அங்குலம், அகலம் குறைந்தது. டயர் உரசாமல் திரும்பும் அளவுக்கு மட்டும் தூக்கினார்கள். பல்சக்கரத்தையும் பிரேக்கையும் மாற்றினார்கள்.

இனெஸ் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். "போலாம்," என்றாள்.

அதன் பிறகு ஒரு முறைகூட அவர்கள் நகரத்துக்குப் போகத் தவறவில்லை. ஓடை பெருகிய நாளிலும் ஹார்லன் கரையில் நிறுத்தி, தண்ணீரைப் பார்த்து, மெதுவாக இறக்கிக் கடந்தார்.

அடுத்த வசந்தத்தில் இனெஸ், ரத்தத்தைச் சுத்திகரிக்கும் அந்த இயந்திரத்தோடு இனி தன்னை இணைத்துக்கொள்ள வேண்டாம் என்று முடிவு செய்தாள். ஹார்லன்தான் இதை எனக்குச் சொன்னார்.

"உனக்காகத்தானே வண்டிய ஒசத்தினேன்னு கேட்டேன். 'தெரியும். அதுல ஆஸ்பத்திரிக்கே போயிட்டிருந்தோம். வேற எங்கயாவது கூட்டிட்டுப் போ'ன்னா."

பனி பாதி உருகிய சேற்று வழியில் மேட்டு மேய்ச்சல் நிலத்துக்குக் கூட்டிப்போனார். நோய் வந்ததிலிருந்து அவள் பார்க்காத இடம். கண்ணாடியை இறக்கிவிட்டு மதியம் முழுவதும் உட்கார்ந்திருந்தார்களாம். அவள் தூங்கியும் விழித்தும் இருந்தாளாம், ஒரு ரொட்டித் துண்டைச் சாப்பிட்டாளாம். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

அந்த மாதம் முடிவதற்குள் இனெஸ் வீட்டிலேயே இறந்துபோனாள். கல்லறை அக்கரையில், சர்ச்சுக்குப் பின்னால். நகரத்திலிருந்து வந்த சவ வண்டி ஓடையின் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஓட்டுநர் தண்ணீரைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

"நீ அங்கயே இரு," என்று ஹார்லன் இங்கிருந்து குரல் கொடுத்தார். "நான் கூட்டிட்டு வரேன்."

சவப்பெட்டியை அக்கம்பக்கத்துக்காரர்கள் நாங்கள் நாலு பேர் பிக்கப்பின் பின்புறம் ஏற்றிக் கட்டினோம். தொப்பியைக் கழற்றி அவள் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டு, அவர் வண்டியைத் தண்ணீருக்குள் இறக்கினார்.