தெருமுனையில் ஒரு போர்ப் பயிற்சி

போன வாரம் ஒரு காலை. டிவியில் போர்க்கப்பல். வாசலில் ஜேசிபி.

கப்பல்கள் ஒரு பெரிய நாட்டுடையவை. பக்கத்தில் இருக்கிற சின்னத் தீவைத் தன்னுடையது என்று அந்த நாடு ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கப்பல்கள் தீவைச் சுற்றி வந்தன, கடலில் நாலு குண்டு போட்டன, திரும்பிப் போயின. சண்டையா? இல்லையாம். ராணுவப் பயிற்சியாம். செய்தி வாசித்த பெண் அதைச் சாமி ஊர்வலம் மாதிரி சொல்லிவிட்டு வானிலைக்குப் போய்விட்டார்.

வெளியே உறுமல் சத்தம். காபி டம்ளரோடு எட்டிப் பார்த்தேன்.

ஆரணியில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பட்டுத்தறி உண்டு. தறியில் ஏற்றுவதற்கு முன் பாவு நீட்ட வேண்டும் — அதாவது புடவையின் நீள இழைகளையெல்லாம் தெருவில் இடுப்புயரத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்ததை முறுக்கிச் சேர்த்துச் சரிபார்க்க வேண்டும். அதற்குத் தெருவின் முழு நீளமும் தேவை. முனையில் இருக்கிற காலி இடத்தையும் சேர்த்தால்தான் பாவு முழுசாக நிற்கும்.

அந்த முனை இடத்தைத்தான் தணிகாசலம் தன்னுடையது என்கிறார். முனை வீட்டுக்காரர், பட்டுக்கடை முதலாளி. அவர் அப்பா காலம் வரை அந்த வீட்டிலும் தறி ஓடியது. இப்போது குடோன் கட்டுகிறார். காம்பவுண்ட் சுவருக்கு அந்த இடம் வேண்டுமாம். அது பொது இடம் என்கிறது தெரு. சர்வேயர் வந்து அளக்க வேண்டும். எப்போது வருவார்? அது அவருக்கே தெரியாது.

அதற்குள் ஜேசிபி வந்துவிட்டது.

வந்து என்ன செய்தது என்கிறீர்கள்? ஒன்றும் செய்யவில்லை. வாளியைத் தூக்கியது, இறக்கியது, ஒரு சுற்றுச் சுற்றியது, போய்விட்டது. ஒரு பிடி மண்ணைக்கூடத் தொடவில்லை. மறுநாளும் அப்படியே. சரியாகப் பாவு நீட்டுகிற நேரம் பார்த்து.

"இன்னாங்க பண்றீங்க?" என்று டிரைவரைக் கேட்டேன். போளூர்க்காரர், நல்ல மனுஷன்.

"சும்மா டெஸ்ட் பண்ணிகினு இருக்கேங்க. எடத்து ஓனர் சொன்னாரு."

டிவியில் பயிற்சி. இங்கே டெஸ்ட். பெயர்தான் வேறு.

வேலை செய்ததே அந்த டெஸ்ட்! மூன்றாவது நாளே எதிர்வீட்டு மூர்த்தி, "இன்னாத்துக்குங்க இந்தப் பேஜாரு? வேற எடம் பாத்துக்கலாம்" என்று ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பயிற்சி அவர்களுக்கு இல்லை, பார்த்துக்கொண்டு நிற்கிற நமக்கு. பணிந்து போவதற்கு நமக்குத்தான் தினமும் பயிற்சி கொடுக்கிறார்கள்.

இந்தப் பயிற்சியில் சேராத ஒரே ஆள் ஸ்டெல்லா.

எனக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவள். அவளும் புருஷன் தாஸும் நெய்பவர்கள். அன்றைக்கு அவள் நீட்டவேண்டியது ஒரு கல்யாணப் புடவைக்கான பாவு, அரக்கு நிறம். பட்டு வேறொரு கடைக்காரருடையது, ஏதாவது ஆனால் அவள் தலையில்தான் விழும். இன்னொரு நாள் பார்க்கக்கூடாதா என்று கேட்டேன். எனக்கே பயமாக இருந்தது.

"வண்டி வருதேன்னு இன்னிக்கு நிறுத்தினா, நாளைக்கு வண்டி வராமயே நிறுத்திடுவோங்க" என்றாள்.

இதைச் சொல்ல எத்தனை வெளியுறவு நிபுணர்கள் டிவியில் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள்!

பாவை நீட்டினாள். தெருமுனை வரைக்கும், அந்த இடத்தையும் சேர்த்து, எப்போதும் போல. கோஷம் கிடையாது, கூட்டம் கிடையாது. ஜேசிபி வந்தது. உறுமியது. வாளி மெல்ல உயர்ந்து பாவுக்கு நேர் மேலே வந்து நின்றது. அவள் தலை நிமிரவில்லை. விரல் அது பாட்டுக்கு இழையைத் தடவிக்கொண்டே போனது. என் கையில் காபி ஆறிப்போனது. இப்படி ஒரு தைரியத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை.

தணிகாசலம் வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை, காதில் போன்.

"ஸ்டெல்லா, எடம் என்னுதுன்னு எத்தினி வாட்டி சொல்றது? ஜல்தியா எடுத்துகினு போ."

"முடிஞ்சதும் எடுத்துடறேண்ணே."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நேராக அவளை நோக்கி நடந்தார். நடுவில் பாவு. சுற்றி வரப் பொறுமையில்லை. ஆனால் எங்கள் ஊரில் நீட்டிய பாவை யாரும் செருப்புக் காலோடு நெருங்க மாட்டார்கள். அவர் கால் தானாகச் செருப்பை உதறியது. முதுகு தானாக வளைந்தது. குனிந்து அடியில் நுழைந்தவர்... பாதியில் நின்றுவிட்டார்.

ஒரு இழை அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது.

போனைச் சட்டைப் பையில் போட்டார். இரண்டு நுனியையும் தேடிப் பிடித்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு முறுக்கு. முடிந்தது. எத்தனை வருஷம் கழித்தோ!

நிமிர்ந்தார். தலைக்கு மேலே, அவரே வாடகைக்கு எடுத்த ஜேசிபியின் வாளி.

"யோவ், பாவு நீட்டிகினு இருக்காங்க, கண்ணு தெரியல? மண்ணு உழுந்தா பட்டு இன்னாத்துக்கு ஆவும்? தூக்குய்யா அப்பால!"

டிரைவர் திகைத்துப் போய் வண்டியைப் பின்னால் எடுத்தார். சொன்ன பிறகுதான் தணிகாசலத்துக்கே உறைத்தது — தன் இடம் என்று சொன்ன இடத்திலிருந்து தன் வண்டியையே விரட்டிவிட்டோம் என்று.

யாராவது சிரித்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. "அண்ணே, அந்தப் பக்கம் இன்னொன்னு அறுந்துகீது" என்றாள், தாஸிடம் சொல்கிற அதே குரலில்.

அவர் போய் அதையும் முறுக்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்? நான் தைரியசாலி என்று நினைத்தது ஸ்டெல்லாவை மட்டும். வீட்டுக்குத் திரும்பும்போது தணிகாசலத்தையும் சேர்த்துக்கொண்டேன். நாலு பேர் பார்க்க இறங்கி வருவது லேசுப்பட்ட காரியமா?

"சர்வேயர் அளக்கற வரிக்கும் நீட்டிக்கோ" என்று செருப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஜேசிபி அதற்கப்புறம் வரவில்லை.

டிவியில் கப்பல்கள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன... அந்தக் கப்பல்களின் தளபதி வீட்டில் ஒரு தலைமுறைகூடத் தறி ஓடியிருக்காது போல.