மேஸ்திரி ஆகாதவனின் பென்ஷன்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாஸ்பேட்டையில் இருக்கிற வீட்டுக்குச் சுவர் எழுப்பியது என் கை. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் எங்கள் பாட்டில் கம்பெனிக்குக் கேன்டீன் வந்தது என் சண்டையால். பெண்களுக்குக் கழிப்பறை வந்ததும் அப்படித்தான். இரண்டு மகள்களைக் கல்லூரி முடிக்க வைத்தேன். எதையும் எவரும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. ஆனால் நான் செய்ததிலேயே பெரியது எது என்று ஓய்வு பெறுகிற வருஷம்தான் எனக்கே தெரிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது.

என் மனைவிக்கு இதயத்தில் வால்வு மாற்றியிருந்தது. அறுவை சிகிச்சை, மாத்திரை, மாதா மாதம் ரத்தப் பரிசோதனை எல்லாமே சம்பளத்தில் பிடிக்கிற இ.எஸ்.ஐ. காப்பீட்டில். எனக்கு ஐம்பத்தெட்டு வயது முடியப் போகிற நேரம் அது. வேலை முடிந்தால் மாத்திரையும் நின்றுவிடுமா? அவள் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள்.

அவள் தம்பி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்த சொல்தா. அவனுக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிறது. வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு பழைய கதையைக் கிளறுவான். பல வருஷத்துக்கு முன்னால் கம்பெனி என்னை ஆட்களை வேலை வாங்குகிற மேஸ்திரி ஆக்குகிறேன் என்றது. சம்பளம் நன்றாகக் கூடும். ஆனால் எங்கள் இடத்தில் ஒரு வழக்கம். மேஸ்திரியாகப் போகிறவன் யூனியன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அன்றிலிருந்து சாப்பாட்டு அறையில் எங்கள் நீள பெஞ்சில் அவனுக்கு இடம் கிடையாது. நான் மேஸ்திரி வேலையை வேண்டாம் என்றுவிட்டேன்.

"பெஞ்சுல குந்தறதுக்காவ பதவிய வுட்ட ஆளு நீ ஒருத்தன்தான் மாமா. அந்த பெஞ்சு வந்து அக்காவுக்கு மாத்திர குடுக்குமா?" என்றான்.

பென்ஷன் விஷயத்தைப் பி.எஃப். அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொண்டேன். பத்து வருஷச் சேவை போதுமாம்; எனக்கு அதற்கு மேலேயே இருந்தது. முன்பு கம்பெனியைப் பூட்டி வைத்த லாக்-அவுட் சமயத்தில் கணக்கை முடித்துப் பணத்தை எடுத்தவர்களுக்குத்தான் சேவை அறுந்து போயிருந்தது. எனக்குப் பிறகு மனைவிக்கும் ஒரு பங்கு வரும் என்றார்கள். நான் இல்லாத நாளையும் ஒரு காகிதம் யோசித்து வைத்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

அடுத்து அவளைக் கூட்டிக்கொண்டு இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்குப் போனேன். இத்தனை வருஷத்து யூனியன் சந்தா ரசீதுகளை மஞ்சள் பையில் அடுக்கி எடுத்துப் போயிருந்தேன். யூனியன் கார்டு இருப்பவனுக்குத்தான் வைத்தியம் என்று நானும் நம்பி, கம்பெனியில் பாதிப் பேரையும் நம்ப வைத்திருந்தேன். அங்கிருந்த பெண் பையைப் பிரித்துப் பார்த்தாள். சிரிக்காமல் ஓரமாக வைத்துவிட்டு இ.எஸ்.ஐ. அட்டையைக் கேட்டாள். மனைவி சுருக்குப் பையிலிருந்து ஓரம் தேய்ந்த அட்டையை எடுத்து நீட்டினாள். அந்தப் பெண் என் பதிவை ரொம்ப நேரம் பார்த்தாள். அவ்வளவு நேரமும் மனைவி என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இ.எஸ்.ஐ. சம்பள வரம்பத் தாண்டாம கடைசி வரைக்கும் திட்டத்துக்குள்ளயே இருந்திருக்கீங்க ஐயா. அஞ்சு வருஷத்துக்கு மேலயும் ஆயிடுச்சி. ஓய்வு வயசுல வெளிய வர்றீங்க. வருஷா வருஷம் ஒரு சின்னத் தொகை கட்டிடுங்க, ரெண்டு பேருக்கும் வைத்தியம் உண்டு."

மேஸ்திரி ஆகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன்.

"வரம்பத் தாண்டி அப்பவே வெளிய போயிருப்பீங்க. இது கெடைக்காது."

அப்படியென்றால் அந்த அறுவை சிகிச்சையும் கிடைத்திருக்காது. சோற்று மூட்டையோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், இவள் உயிர் அதே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறது. படி இறங்கும்போது மனைவி மெதுவாகச் சொன்னாள்: "நல்ல வேள, அந்த பெஞ்ச வுடல."

ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். மாத்திரை வரிசையில் நிற்கிற பெண்கள் யாரால் பிழைத்தாய் என்று விசாரித்தால் டாக்டரைச் சொல்கிறாள், சாமியைச் சொல்கிறாள். தம்பிக்காரனோ என் அதிர்ஷ்டம் என்கிறான். டாக்டருக்கு உள்ளது டாக்டருக்கு, சாமிக்கு உள்ளது சாமிக்கு. நான் குறுக்கே வரவில்லை. தெரிந்துதான் செய்தாயா என்றால், தெரியாமல்தான் செய்தேன். ஆனால் பெஞ்சை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தவன் நான். இனிமேல் யார் கேட்டாலும் அவள் மூன்றாவதாக என்னையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.