நடுவில் இருந்த இரண்டு எண்கள்

அட்டைப்பெட்டிக் கம்பெனியில் எல்லோரும் அவரை முகமூடி என்றுதான் அழைத்தார்கள். மூடி வைக்கும்படியாக அவர் முகத்தில் விசேஷம் ஒன்றும் கிடையாது. எந்தக் கணினி மக்கர் செய்தாலும் "மாஸ்க் என்ன போட்டிருக்கு?" என்பதே அவருடைய முதல் கேள்வி. பில் போடும் பெண்மணியிடம் ஒருமுறை இதைக் கேட்டு, "பவுடர்கூடப் போடல சார்" என்ற பதிலைப் பெற்றதிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது.

நெட்வொர்க் பார்ப்பது அவர் உத்தியோகம். எல்லாம் ஒழுங்காக ஓடினால் "இந்த ஆள் என்னதான் செய்யறார்?" என்பார்கள். நின்றுவிட்டால் "இந்த ஆள் என்னத்தைச் செஞ்சு தொலைச்சார்?" என்பார்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் அவருக்குத் தலை நரைத்தது. தொழில் வீட்டிலும் தொற்றியிருந்தது. மத்தியானம் மனைவிக்கு ஃபோன் போடுவார். "ஹலோ" என்ற சத்தம் கேட்டதும் வைத்துவிடுவார். எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்தால் போதும், மேற்கொண்டு பேச என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி. அந்த அம்மாள் கட்சியை நாம் அச்சில் ஏற்ற முடியாது.

அவர் ஆண்ட சாம்ராஜ்யம் ஒரே ஒரு தெரு. கணினி, பிரிண்டர், கேமரா, கைரேகை வாங்கும் மெஷின் என்று ஒவ்வொன்றுக்கும் நான்கு எண்கள் கொண்ட முகவரி உண்டு. 192.168.1 என்ற முதல் மூன்றும் தெரு. கடைசி எண் வீட்டுக் கதவிலக்கம். தெரு எங்கே முடிகிறது, கதவு எங்கே தொடங்குகிறது என்று கணினிக்குச் சொல்வதுதான் அந்த மாஸ்க். அது 255.255.255.0 என்றிருந்தால், தெருவில் இருப்பவர்கள் எல்லோரும் அண்டை அயலார்; கூப்பிட்டால் நேரே பதில் வரும். வேறு தெருக்காரர்களைப் பார்க்க வேண்டுமென்றால் ரவுட்டர் என்ற வாசல்காரனிடம் போய்ப் பல்லைக் காட்ட வேண்டும். கதவிலக்கங்களில் பூஜ்யத்தையும் 255ஐயும் யாருக்கும் கொடுப்பதில்லை. பூஜ்யம் தெருவின் பெயர்ப்பலகை. 255, எல்லோரையும் ஒரே கூப்பாட்டில் கூப்பிடுவதற்கு. மிச்சம் 254 பேர் குடியிருக்கலாம்.

குடியமர்த்தியது முகமூடிதான். அப்போது முதலாளி உயிரோடு இருந்தார். முதல் மாடியில் மூத்த மகன். அந்த மாடிக்கு ஒன்றிலிருந்து மேல்நோக்கி. இரண்டாம் மாடியில் இளைய மகன். அங்கே 254லிருந்து கீழ்நோக்கி. மூன்றாம் மாடியில் வீடு.

"நாங்க ரெண்டு பேரும் நடுவுல இருந்துக்கறோம்யா. ரெண்டு பக்கமும் கை எட்டும்ல?" என்றார் முதலாளி.

அப்படியே 127 அவர் மனைவியான அம்மாவுக்கு, 128 முதலாளிக்கு. முதலாளி போய்ச் சேர்ந்த பிறகு அவருடைய கணினியைத் துணி போட்டு மூடினார்கள். அம்மாவுடையது ஓடிக்கொண்டிருந்தது. அதில் இரண்டு கட்டங்கள்: ஒன்றில் மூத்தவர் அறைக் கேமரா, இன்னொன்றில் இளையவருடையது. திருட்டைப் பிடிக்க வைத்த கேமராக்கள். அம்மா அவற்றில் பார்த்ததெல்லாம் பிள்ளைகள் மத்தியானம் சாப்பிட்டார்களா என்பதைத்தான். அப்பா இல்லாத வீட்டில் சாப்பிட அவர்கள் மேலே வருவது நின்றுபோயிருந்தது.

பிறகு அண்ணன் தம்பிக்குள் யுத்தம் மூண்டது. மூத்தவர் அச்சுக்குக் கொடுத்த தாள், தவறிப்போய் இளையவர் அறைப் பிரிண்டரில் விழுந்தது. தம்பி அதைப் படித்துவிட்டான் என்றார் அண்ணன். வந்தது வெற்றுத்தாள் என்றார் தம்பி. சாம்ராஜ்யங்கள் இதைவிட அற்பமான காரணங்களுக்குக் கவிழ்ந்திருக்கின்றன என்று சமாதானம் சொல்லிக்கொள்வோம்.

முகமூடியைக் கூப்பிட்டார்கள்.

"யோவ், என் மெஷின் எதுவும் அவன் கண்ணுல படக்கூடாது. தெருவ ரெண்டா வெட்டிடு," என்றார் மூத்தவர்.

"நடுவுல வழியே இருக்கக் கூடாது. சந்துகூட," என்றார் இளையவர்.

"வெட்டலாம் சார். ஆனா வெட்டினா ரெண்டு எண் வீணாப் போகும்."

"ரெண்டுதானே? போகட்டும்யா," என்றார் மூத்தவர்.

"எந்த ரெண்டுன்னு கேக்கலையே சார்."

தெருவை இரண்டாக்கினால் தெருவுக்கொரு பெயர்ப்பலகை வேண்டும், தெருவுக்கொரு கூப்பாடு வேண்டும். கீழ்ப்பாதியின் கடைசி எண்ணான 127 இனி கூப்பாட்டு எண். மேல்பாதியின் முதல் எண்ணான 128 இனி பெயர்ப்பலகை. இரண்டிலும் யாரும் குடியிருக்க முடியாது. கணக்கு அப்படி; கணக்குக்குப் பெற்றவர், பிள்ளை என்ற தாட்சண்யம் கிடையாது.

"அப்பா மெஷின எவன் பாக்கறான்? அம்மாவுக்கு வேற எண் குடுத்துடு," என்றார் மூத்தவர்.

"எந்தப் பாதியில சார்?"



"என் பக்கம். நான்தானே மூத்தவன்."

"என் பக்கம்தான். கடைக்குட்டி நான்தானே."

"ரெண்டு பக்கமும் வச்சுடலாம் சார். ரெண்டு கார்டு, ரெண்டு கேபிள்."

"அப்ப அது வழியா அவன் உள்ள வந்துடுவான்!" இதை இருவரும் சேர்ந்து சொன்னார்கள்.

கடைசியில் தாயைப் பங்கு பிரித்தது பாசம் அல்ல, கேபிள். மூன்றாம் மாடிக்கான கேபிள், முதல் மாடியில் கேபிள்களெல்லாம் வந்து சேரும் அலமாரியிலிருந்து போனது. எனவே அம்மா மூத்தவர் பாதியில், 126. முகமூடி ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து மாஸ்க்கை 255.255.255.128 என்று மாற்றினார். நேற்றுவரை அடுத்த வீடாக இருந்தது, மாற்றிய கணத்தில் அயலூர் ஆயிற்று. வாசல்காரனிடம் கேட்டால் "அனுமதி இல்லை" என்றான்.

மறுநாளே மூன்றாம் மாடியிலிருந்து ஃபோன்.

"தம்பி, சின்னவன் ரூமு இருட்டா கிடக்கே. கரண்ட் பில்லு கட்டலையாப்பா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். முகமூடி உண்மை சொல்லிப் பழக்கப்பட்டவர்தான்; ஆனால் அது கணினிகளிடம். "சின்னக் கோளாறும்மா. வந்துடும்," என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் மனைவி எச்சரித்தார். "ஏங்க, அவங்க குடும்பத்துல மூக்கை நுழைச்சா உங்க மூக்குதான் போகும். இந்த வயசுல உங்கள வேற எவன் வேலைக்கு எடுப்பான்?"

"அந்தம்மா கேட்டது ஒரே ஒரு படம்டி."

கம்பெனி விடுமுறை நாளில் அவர் ஒரு பழைய நெட்வொர்க் கார்டுடன் படியேறினார். அம்மாவின் கணினியில் அதைப் பொருத்தி, இரண்டாம் மாடி அலமாரியிலிருந்து தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் ஒரு கேபிளை ஏற்றி, அதற்கு மேல்பாதியில் ஓர் எண் கொடுத்தார். இரண்டு கட்டங்களும் வெளிச்சமாயின. யாருமில்லாத இரண்டு நாற்காலிகள். அம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"பாருங்கம்மா. ஆனா பாத்தேன்னு மட்டும் யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதீங்க."

"நான் யாருகிட்டப்பா சொல்லப்போறேன்? பேசறதுக்கு இங்க யாரு இருக்கா?"

உலகத்திலுள்ள எல்லாப் பாதுகாப்பு ஏற்பாடுகளையும் படித்திருந்தார் முகமூடி. ஒரு தாய்க்குப் பிள்ளையின் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் இருக்கும்போது என்ன ஆகும் என்று அவற்றில் எழுதியிருக்கவில்லை.

கொஞ்ச நாள் அம்மா வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் முடியவில்லை. இளையவருக்கு ஃபோன் போட்டார்.

"டேய், காச்சலாடா? காலைலேர்ந்து மேஜையில தலையக் கவுத்துட்டே கிடக்கறியே. டப்பாவத் தொடக்கூட இல்ல. உங்க அண்ணனப் பாரு, ரெண்டாவது டப்பா திறந்துட்டான்."

இளையவருக்குக் காய்ச்சல் பறந்துவிட்டது. அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது? அது போகட்டும், இரண்டு பக்கமும் எப்படித் தெரிந்தது? தலைமயிர் கலைந்தபடியே எழுந்து, பிரிவினைக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு மாடி இறங்கி அண்ணன் அறைக்கு வந்தார்.

"அம்மா மெஷின் வழியா நீ என்னப் பாக்கறே."

"நானா? நீதான்டா என்னப் பாக்கறே!"

இருவரும் திரும்பி, மூலையில் பிரிண்டரைச் சரிசெய்துகொண்டிருந்த முகமூடியைப் பார்த்தார்கள். நேற்றுவரை முகம் பாராத சகோதரர்கள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மூத்தவர் தம்பிக்குத் தண்ணீர்கூட நகர்த்தி வைத்தார். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி.

"இவர அனுப்பிடலாம்," என்றார் மூத்தவர்.

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்ண்ணே," என்றார் இளையவர்.

ஒற்றுமை அதோடு முடிந்தது. தன் பக்கத்துக் கேபிளை உருவிவிட வேண்டும் என்று தம்பி சொன்னார். அப்படியானால் தன் பக்கத்தையும் உருவ வேண்டும் என்றார் அண்ணன். அவனைப் பார்க்காத அம்மா தன்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஊர் என்ன சொல்லும்? இரண்டு கேபிளையும் உருவுவது முகமூடியின் கடைசி வேலை என்று முடிவாயிற்று.

மூன்றாம் மாடிக்குப் போகும் வழியில், முதலாளியின் பழைய அறையில் அவர் துணியை விலக்கி, அங்கிருந்த கணினியைத் தூக்கிக்கொண்டார். யாரும் தடுக்கவில்லை. எவன் பாக்கறான்?

மூன்றாம் மாடியில் அம்மா கட்டங்களின் முன்னால் உட்கார்ந்திருந்தார். முகமூடி இரண்டு கேபிள்களையும் உருவினார். கட்டங்கள் கருத்தன. பிறகு பையிலிருந்து, கணினிகளை ஒன்றோடொன்று கோக்கும் ஒரு சின்ன ஸ்விட்ச் பெட்டியை எடுத்து, இரண்டு கணினிகளையும் அதில் மட்டும் இணைத்து, இரண்டின் எண்ணையும் அழித்து, தானே தேடிக்கொள்ளும்படி விட்டார்.

"இனி அதுக்கு அட்ரஸ் யாருப்பா குடுப்பா?"

"யாரும் குடுக்க மாட்டாங்கம்மா. கொஞ்ச நேரம் கேட்டுப் பாக்கும். பதில் வரலைன்னா தானே ஒண்ணு வச்சுக்கும். 169.254ன்னு ஆரம்பிக்கும். அத வச்சு வெளிய எங்கயும் போக முடியாது. அதே மாதிரி தானா பேரு வச்சுக்கிட்டது பக்கத்துல இன்னொண்ணு இருந்தா, அதோட மட்டும் பேசலாம்."

"இருக்கிறாயா?" என்று மட்டும் கேட்கும் கட்டளையை அவர் தட்டினார். திரையில் வரிசையாகப் பதில் வந்தது.

"யாரு பேசறது?"

"ஐயா மெஷின்ம்மா."

"என்ன சொல்றாரு?"

"இருக்கேன்னு. அவ்வளவுதான் சொல்லத் தெரியும்."

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "உயிரோட இருந்தப்ப இவ்வளவு சீக்கிரமா பதில் சொன்னதில்ல மனுஷன்," என்றார்.

முகமூடி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அம்மா திரும்பவில்லை. அவர் பார்வை கறுத்துப்போன இரண்டு கட்டங்களுக்கே போய்விட்டிருந்தது. அது மத்தியானச் சாப்பாட்டு நேரம்.