அறிவிக்காமல் சாய்ந்தார்

செங்கோடன் பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்தான். அதில் பத்து வருடம் அவன் பார்த்த வேலையைக் கொல்லிமலையின் வாழவந்தி நாட்டில் யாருக்கும் விளங்க வைக்க முடிந்ததில்லை. ஐம்பதடிச் சுவரில் கலர் கலராகப் பிளாஸ்டிக் பிடிகளைத் திருகி வைத்திருப்பார்கள். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அதில் ஏற வேண்டும். யார் அதிக உயரம் போகிறார்களோ அவர்களுக்கு மெடல்.

"சொவுரு ஏறறதுக்கா சர்க்காரு சம்பளம் குடுத்தாங்க?" என்று அவன் ஊர் திரும்பிய புதிதில் மனைவி ராமாயி கேட்டாள். "அதுக்கு இங்கியே நாலு மொளகு மரம் ஏறியிருக்கலாமே."

அவனைப் பெரிய வீரன் என்று சொல்ல முடியாது. படைப்பிரிவுகளுக்கு இடையிலான போட்டியில் ஒரே ஒருமுறை நான்காவதாக வந்தான். உடம்பு கனம். ஆனால் கயிறு பிடிக்கத் தெரிந்தவன். மேலே ஏறுகிறவன் அடுத்த கொக்கியில் கயிற்றை மாட்டப் போகும்போது கீழே நிற்பவன் தளர்த்திக் கொடுக்க வேண்டும். அவன் சோர்ந்து சாயும்போது இறுக்கிப் பிடிக்க வேண்டும். அணியின் முதல் ஆளான பெஞ்சமின், செங்கோடன் கயிறு பிடித்தால்தான் சுவரில் கை வைப்பான்.

பெஞ்சமின், ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஸ்டெல்லாவின் ஒரே மகன். ஸ்டெல்லா திண்டுக்கல்காரர். மூன்று வயதுப் பிள்ளையோடு மலைக்கு மாற்றலாகி வந்தவர், கணவர் இறந்த பின்னும் இறங்கிப் போகவில்லை. செங்கோடனும் பெஞ்சமினும் ஒரே வகுப்பு. ஒரே ஆள்சேர்ப்பு முகாமில் ஓடி, ஒரே நாளில் சேர்ந்தார்கள்.

பயிற்சியாளர் சுபேதார் ஓம்பிரகாஷ் சுவரில் இரண்டே இந்திச் சொற்களை அனுமதித்தார். 'டீல்' என்றால் கயிற்றை விடு. 'கீஞ்ச்' என்றால் இழு. வேறு எதுவும் வாயில் வரக் கூடாது. அவர் தள்ளிப் போனால் இவர்கள் தமிழுக்கு மாறிவிடுவார்கள். மற்ற அணிகளுக்குப் புரியாது என்று அதில் ஒரு பெருமை வேறு.

நான்கு வருடத்துக்கு முன்னால், இறுதிப் போட்டிக்கு இரண்டு நாள் இருக்கையில் அது நடந்தது. பெஞ்சமின் பதினாறடி உயரத்தில் மூன்றாவது கொக்கியைத் தாண்டி நின்றான். அன்று காலையிலிருந்து ஒன்பதாவது ஏற்றம். "வாரேன்" என்றான்.

கொல்லிமலையில் மிளகு பறிக்க மரமேறுகிறவன் 'மேலே போறேன்' என்று சொல்ல மாட்டான். செத்துப்போனவனைத்தான் மேலே போனான் என்பார்கள். ஒற்றை மூங்கில் ஏணியில் கால் வைக்கும்போதும், அடுத்த கிளைக்குத் தாவும்போதும் கீழே நிற்பவரிடம் 'வாரேன்' என்பதுதான் பழக்கம். செங்கோடனுக்கு அந்தச் சொல் ஏறுவதற்கானது. ஐந்து முழம் கயிற்றை உருவித் தளர்த்தினான். மரமேறாத வீட்டில் வளர்ந்த பெஞ்சமினுக்கோ வருவது என்றால் இறங்கி வருவது. கயிறு இறுகியிருக்கும் என்று நம்பி இரண்டு கையையும் விட்டுப் பின்னால் சாய்ந்தான். மெத்தையின் விளிம்புக்கு வெளியே, சிமென்டுத் தரையில் தலை பட்டது. மூன்றாம் நாள் இறந்தான்.

விசாரணையில் செங்கோடனிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: ஏறியவர் அறிவித்தாரா? சொல்ல வேண்டிய அந்த இரண்டு சொல்லில் எதையும் பெஞ்சமின் சொல்லவில்லையே என்று ஒரு கணம் யோசித்தான். "இல்லை" என்றான். முழுப் பொய்யாக இருந்திருந்தால் அது ஒரு வாரத்தில் அவனை உடைத்திருக்கும். பாதி நியாயம் கலந்திருந்ததால் நான்கு வருடம் தாங்கியது. 'ஏறியவர் அறிவிக்காமல் கயிற்றில் சாய்ந்தார்' என்று எழுதிய அறிக்கையின் நகல் ஸ்டெல்லாவுக்கு வந்தது.

ஓய்வு பெற்று ஊர் வந்த இரண்டு வருடமும் அவன் சுகாதார நிலையம் இருக்கும் ரோட்டைத் தவிர்த்து, சுற்றிக்கொண்டே போனான்.

"சிஸ்டரு ரிட்டையராயி ஊட்டக் காலி பண்றாங்களாம். நாளைக்கு லாரி வருதாம்" என்றாள் ராமாயி. "பெத்த புள்ளையாட்டம் உன்னயப் பாத்தவங்க. ஒரு பொட்டி தூக்கியுட ஆகாதா?"

நாளைக்கு மேல் சொல்வதற்கு ஆள் இருக்காது. மத்தியானம் போனான். ஸ்டெல்லா பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாடா, மிலிட்டரி. எல்லாம் கட்டி முடிச்சப்புறம் வந்து நிக்கிற."

"சிஸ்டர், ஒண்ணு சொல்லோணுங்க."

"சொல்லு."

"பெஞ்சமினு கூப்பிட்டானுங்க. விசாரணையில நாந்தான் இல்லைன்னுட்டேன்."

ஸ்டெல்லா கையிலிருந்த குக்கர் மூடியைக் கீழே வைத்தார். "என்னன்னு கூப்பிட்டான்?"

"வாரேன்னானுங்க. எனக்கு ஏறறான்னு பட்டுச்சு. நாங்க மரத்துல அப்படித்தானுங்க…"

"எனக்குத் தெரியாதா? முப்பத்துமூணு வருஷமா மரத்துல இருந்து விழுந்தவனுக்கெல்லாம் கட்டுப் போட்டவ நான்." குரல் உயரவில்லை. "எப்படிச் சொன்னான்? சொல்லிக் காட்டு."

"சிஸ்டர்…"

"சொல்லிக் காட்டுடா."

சொல்லிக் காட்டினான். மூச்சு வாங்கி, கடைசி எழுத்து இழுபட்டு, கீழிறங்கும் குரல்.

"இது ஏறப் போறவன் குரலா?"

நான்கு வருடமாக அந்தச் சொல்லை அவன் மனதுக்குள் புரட்டியிருக்கிறான். அதற்கு இரண்டு பொருள் உண்டு என்று தனக்கே வாதாடியிருக்கிறான். குரலை ஒருநாளும் திரும்பக் கேட்டதில்லை. சொல்லுக்குத்தான் இரண்டு பொருள். குரலுக்கு இல்லை.

"இல்லீங்க" என்றான்.

ஸ்டெல்லா கட்டிலில் உட்கார்ந்தார். "நாலு வருஷமா அவனத்தான் திட்டிட்டு இருந்தேன். ஜெபத்துலகூட. ஒரு வார்த்தை சொல்லாம கையை விட்டியேடா, அப்படி என்னடா அவசரம்னு. சொல்லியிருக்கான். எம்புள்ள சொல்லித்தான் இருக்கான்."

அழுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்து நின்றான். இரண்டுமே அவனுக்கு இலேசாக இருந்திருக்கும். அவர் எழுந்து, கட்டிவைத்த பெட்டி ஒன்றைப் பிரித்து, நோட்டையும் பேனாவையும் எடுத்துத் தந்தார்.

"எழுது. உங்க ஆபீசுக்கு அனுப்பணும். அறிவிக்காம சாஞ்சான்ங்கிற அந்த வரியை அவங்க அடிச்சு எடுக்கணும்."

"சேரிங்க."

"எழுதிக் குடுத்தா உனக்கு என்ன ஆகும்?"

"கூப்பிட்டு விசாரிப்பாங்க. அதுக்கு மேல தெரியலீங்க."

"விசாரிக்கட்டும்."

தரையில் உட்கார்ந்து எழுதினான். நான்கு வரி எழுத அரைமணி நேரம் ஆனது. ஸ்டெல்லா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். "'வாரேன் என்று பெஞ்சமின் சொன்னது காதில் விழுந்தது. கயிறு தளர்ந்துவிட்டது.'" நிறுத்தினார்.

"காதுல விழுந்துச்சு, கயிறு தளர்ந்துச்சு. நீ அங்க இல்லியாடா?"

செங்கோடன் நோட்டை வாங்கினான். இரண்டு வரியையும் அடித்தான். கேட்டேன் என்று எழுதினான். கயிற்றைத் தளர்த்தினேன் என்று எழுதினான். பேனா தாளைக் கிழித்தது. அடுத்த வரி விசாரணையில் சொன்ன பொய்யைப் பற்றியது. அதையும் அடித்துவிட்டு, 'நான்' என்று தொடங்கினான்.